சோப்புத் தண்ணீரில் முளைத்த பயறு

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் வந்த வினைதான் இது.

பி.எட். இரண்டாம் ஆண்டில் எங்களைப் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கரூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. அறிவியலுக்கு நாங்கள் இரண்டு பேர். ஒன்று நான், ஷர்மிளா. வயது இருபத்து மூன்று, வாய் கொஞ்சம் நீளம். இன்னொருவர் குழந்தைவேல் சார். வயது நாற்பத்தொன்று, பேச்சே கிடையாது. ஒரு சாயப்பட்டறை லேபில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். இந்தப் பயிற்சிச் சான்று கைக்கு வந்தால்தான் இனிமேல் அவருக்கு வேலை என்று ஒன்று.

எங்களுக்கு வழிகாட்டி ஆசிரியர் எமல்டா டீச்சர். அவருக்கு முப்பத்தொன்று. குழந்தைவேல் சாரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் சார் அவர் முன்னால் உட்கார மாட்டார்.

“உக்காருங்க சார்.”

“பரவாயில்லீங்க டீச்சர்.”

தினமும் காலையில் இது நடக்கும். வருகைப் பதிவு மாதிரி.

அறிவியல் கண்காட்சிக்குப் பேர் கொடுக்கச் சொன்னபோது பிள்ளைகள் எல்லாம் எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு என்று வந்தார்கள். எரிமலை மட்டும் ஆறு. எட்டாவது ‘பி’யில் கனிஷ்கா என்று ஒரு பிள்ளை. அது மட்டும் குழந்தைவேல் சாரிடம் ஒரு சந்தேகத்தோடு வந்தது.

“சார், சோப்புத் தண்ணி ஊத்துனா செடி செத்துப் போயிரும்னு சொன்னீங்கல்ல. எங்கம்மா துணி அலசுன தண்ணியத்தான் டெய்லி முருங்கைக்கு ஊத்துறாங்க. அது சாகவே மாட்டேங்குதே சார்?”

குழந்தைவேல் சார் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்து நான் பார்த்தேன்.

“அப்பிடியா? செஞ்சு பாத்துரலாமா கண்ணு?”

மூன்று பேப்பர் கப்பு. மூன்றிலும் ஒரே மண், பத்துப் பத்துப் பச்சைப்பயறு. ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்கு போர் தண்ணீர், மூன்றாவதுக்குத் துணி அலசிய தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். கனிஷ்கா ஒரு நோட்டுப் போட்டது. தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்து ஸ்கேலை மண்ணில் ஊன்றி அளந்து, பென்சிலில் எழுதி வைத்துவிட்டுத்தான் பிரேயருக்குப் போகும்.

இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சார்ட் வந்தது.

கண்காட்சி நடக்கப்போவதும் எங்கள் பள்ளியில்தான். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் வரும். அதனால் எச்.எம். சாருக்குப் பரபரப்பு. ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எல்லா சார்ட்டும் தன் மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சார்ட் என்றால் எழுதுவது யார்? நான்தான். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு. முடிவு வரைக்கும் வந்து பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“சார், முடிவு இன்னும் வரலியே? விதையே இப்பத்தான போட்ருக்கு?”

“சோப்புத் தண்ணியில நல்லா வராதுங்க மிஸ். தெரிஞ்சதுதானே. எழுதீருங்க.”

எழுதினேன். பச்சை ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில். ‘சோப்பு நீர் பயிரின் வளர்ச்சியைக் குறைக்கிறது. குழாய் நீரே சிறந்தது.’ சுற்றி ஒரு பூ பார்டர் வேறு. பயறு அப்போது தோல்கூட வெடிக்கவில்லை.

எச்.எம். பார்த்துவிட்டு, “சபாஷ், சார்ட்டுன்னா இது சார்ட்டு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள், கண்காட்சியன்று காலையில் கப்புகளைப் பார்த்தால் குழாய்த் தண்ணீர் பதினோரு சென்டிமீட்டர். போர் தண்ணீர் ஒன்பது. சோப்புத் தண்ணீர் பதினேழு. மதமதவென்று நிற்கிறது.

குழந்தைவேல் சார் கப்பைப் பார்த்தார். சுவரில் தொங்குகிற சார்ட்டைப் பார்த்தார். நடுவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் பேண்டு சத்தம் கேட்கிறது. சார்ட்டை மாற்ற அரை நாள் ஆகும். ஸ்டிக்கரை மாற்ற அரை நிமிஷம் போதும்.

முதல் கப்பு ஸ்டிக்கரை உரித்து மூன்றாவதில் ஒட்டினார். மூன்றாவதன் ஸ்டிக்கரை முதல் கப்பில் ஒட்டினார். கட்டை விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தார்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குண்டூசி விழுந்தமாதிரி கீழே குனிந்துகொண்டேன். கேட்டிருக்கலாம். இத்தனை நீள வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துப்போனது.

காலையிலேயே அளந்துவிட்டுப் போயிருந்த கனிஷ்கா இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் கப்புகளைப் பார்த்தது. குனிந்து இன்னொரு தடவை பார்த்தது.

“சார், கப்பு மாறியிருக்கு சார்.”

“எங்க மாறியிருக்கு?”

“சோப்புத் தண்ணிதான் சார் பெருசா வந்துச்சு. இன்னைக்குக் காலைலகூட அளந்தேன்.”

“நீ மாத்திக் குறிச்சிருப்ப கண்ணு. நல்லா யோசிச்சுப் பாரு.”

குரலில் கோபமே இல்லை. அவ்வளவு பாசமாகச் சொன்னார். அதுதான் மோசம். அவர் அதட்டியிருந்தால் பிள்ளை நம்பியிருக்காது.

நடுவர்கள் வந்தார்கள். கனிஷ்கா கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம். என் பெயர் ச. கனிஷ்கா. என்னுடைய ஆய்வின் தலைப்பு” என்று ஆரம்பித்தது. பாதியில் நடுவர் ஒருவர், “எத்தனை நாள் வளத்தம்மா?” என்று கேட்டார். பிள்ளை திகைத்துப்போய் மறுபடியும், “வணக்கம். என் பெயர் ச. கனிஷ்கா” என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“நோட்டு போட்டியா? காட்டு பாக்கலாம்.”

“வீட்ல மறந்து வச்சுட்டேன் சார்.”

நோட்டு அதன் முதுகுக்குப் பின்னால், பாவாடைக் கச்சையில் செருகி இருந்தது. எனக்குத் தெரிந்தது.

முதல் பரிசு. மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வு. திங்கட்கிழமை பிரேயரில் எச்.எம். மைக்கில் பேர் சொன்னார், பள்ளிக்கூடமே கை தட்டியது. குழந்தைவேல் சாரும் தட்டினார்.

அன்றைக்கு மத்தியானம் மாவட்டத்துக்கு அனுப்புவதற்காக கனிஷ்காவின் நோட்டைக் கேட்டு வாங்கினார் சார். நானும் எமல்டா டீச்சரும் லேபில் இருந்தோம். டீச்சர் சோதனைக் குழாய்களைக் கழுவித் தாங்கியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். சார் உள்ளே வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. நோட்டை டீச்சர் முன்னால் வைத்தார்.

ஒன்பது நாள் கணக்கும் ரப்பரால் அழித்து மாற்றி எழுதியிருந்தது. குழாய்த் தண்ணீருக்குக் கீழே பதினேழு. சோப்புத் தண்ணீருக்குக் கீழே பதினொன்று. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. ஆறாம் நாள் கிட்டத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அந்த ஓட்டையைச் சுற்றி எண்ணைச் சின்னதாக, ஒழுங்காக எழுதியிருந்தது பிள்ளை.

“என்ன சார் இது?” என்றார் டீச்சர்.

எல்லாவற்றையும் சொன்னார். சார்ட், ஸ்டிக்கர், ‘நீ மாத்திக் குறிச்சிருப்ப’ என்றது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

“நோட்ட ஏன் கண்ணு அழிச்சன்னு கேட்டனுங்க டீச்சர். நான்தான் தப்பாப் பாத்துட்டேன் சார்ங்குது. ஒன்பது நாளும் தப்பாப் பாத்திருக்கேன்ங்குது.”

டீச்சர் குழாயைக் கீழே வைத்தார்.

“இன்னும் இருக்குங்க. கண்ணு சரியாத் தெரியல, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்குது. கிளாஸ் டீச்சர்கிட்டயும் சொல்லி, நாலாவது பெஞ்சுல இருந்து மொத பெஞ்சுக்கு வந்து உக்காந்திருக்குது.”

சொல்லி முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தொரு வயசு மனுஷன், தோள் குலுங்குகிறது. நான் எழுந்து நின்றேன்.

“டீச்சர், சார்ட் நான்தான் எழுதினேன். ஸ்டிக்கர் மாத்துனதையும் பாத்தேன்.”

“சார்ட் யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பூ பார்டர் வேற யாரு போடுவா? உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“சார், நீங்களும் உக்காருங்க.”

அன்றைக்கு அவரும் உட்கார்ந்தார். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது.

“அவகிட்டச் சொல்லணும்னு தெரியுதுங்க டீச்சர்,” என்றார் சார். “சொல்லீருவேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“வெள்ளிக்கிழமை பயிற்சி முடியுது. அன்னைக்குத்தான் சான்றுல கையெழுத்து. அடுத்த வாரம் மாவட்டம். எச்.எம். மைக்குல வேற சொல்லிட்டாரு. இப்பச் சொன்னா அவ எல்லார்கிட்டயும் சொல்லுவா. சொல்லணும், சொல்றதுதான் நியாயம். ஆனா எனக்கு சான்று நின்னுபோச்சுன்னா...” என்று நிறுத்தினார். “ரெண்டு வாரம் கழிச்சு நானே வர்றனுங்க. அவ வீட்டுக்கே போயி, அவங்கப்பா முன்னாடியே சொல்லீர்றேன். சத்தியமா வருவேன். அப்பிடிச் செய்யலாமுங்களா?”

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து, குழந்தைவேல் சாருடைய பயிற்சி ரெக்கார்டை எடுத்தார். சான்றும் அதன் கடைசிப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை போட வேண்டிய கையெழுத்து. பக்கம் பக்கமாகப் புரட்டி, வழிகாட்டி ஆசிரியர் என்று இருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் தேதியும் போட்டு, சார் பக்கம் தள்ளினார்.

“என் கையெழுத்து முடிஞ்சுது. இனி நான் நெனச்சாலும் அத நிறுத்த முடியாது. எச்.எம். கையெழுத்துக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது. கூட வந்து பேசுறேன், அவ்வளவுதான்.”

சார் ரெக்கார்டைத் தொடவில்லை.

“நான் பி.எட். பயிற்சி எங்க பண்ணேன் தெரியுமா சார்? கோத்தகிரிக்கு மேல ஒரு ஸ்கூலு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்கதான் எல்லாம். அங்கயும் கண்காட்சி. ஆறாவது படிக்கிற பிள்ளை, பேரு பிரேமகுமாரி. தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குதுன்னு வெப்பமானி வச்சுக் காட்டுறா. தொண்ணூத்து நாலுன்னு எழுதியிருந்தா.”

“நூறுல்லீங்க?”

“நானும் அதத்தான் சொன்னேன். தொண்ணூத்து நாலு தப்பு, நூறுன்னு எழுதுன்னேன். மிஸ், நாலு தடவை பாத்தேன் மிஸ், தொண்ணூத்து நாலுலதான் கொதிக்குதுன்னா. வெப்பமானியப் பிடிக்கத் தெரியாமப் பிடிச்சிருப்பன்னு சொன்னேன். அழிச்சுட்டு நூறுன்னு எழுதுனா.”

குழந்தைவேல் சார் நிமிர்ந்தார். பதினாலு வருஷம் லேபில் இருந்தவர், அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

“மலை மேலங்களா? அங்க காத்தழுத்தம் கம்மிங்களே டீச்சர். நூறு வராதே?”

“வராது. நீங்க அரை நிமிஷத்துல சொல்லிட்டீங்க. எனக்கு அது உறைக்கிறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பயிற்சி முடியுறதுக்கு நாலு நாள் முன்னாடி, பத்தாவது பிள்ளைங்களுக்கு அழுத்தம் பாடம் எடுத்துட்டிருக்கேன். கையில சாக்பீஸு. அப்படியே நின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அன்னைக்கே அந்தப் பிள்ளை ரெண்டு தடவை என்னக் கடந்து போச்சு. குட் ஆப்டர்நூன் மிஸ்ஸுன்னு சொல்லிட்டுப் போச்சு. கூப்புட்டிருக்கலாம். எனக்கு ரெக்கார்டுல கையெழுத்து வாங்கணும். கீழ இருந்து வந்த மிஸ்ஸுக்கு இதுகூடத் தெரியலன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்குவாங்களேன்னு இருந்துச்சு. கையெழுத்து முடியட்டும், ரிசல்ட்டு வரட்டும், மெதுவா வந்து சொல்லிக்கலாம்னு பஸ் ஏறிட்டேன்.”

“மறுபடி போனீங்களா?”

“போனேன். அடுத்த ஜூன்ல ஸ்கூல் தொறந்த மொத நாளே போனேன். புதுசா ஒரு வெப்பமானி வாங்கிட்டுப் போனேன், அவளுக்குக் குடுக்கலாம்னு.”

டீச்சர் சொல்லிக்கொண்டே கழுவி வைத்த குழாய் ஒன்றை எடுத்துத் திரும்பவும் கழுவ ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“பிள்ளை இல்ல. லீவுலயே அவங்கப்பா அம்மா வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்களாம். டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. எந்தத் தோட்டம்னு யாருக்கும் சரியாத் தெரியல. கேரளாப் பக்கம்னு ஒருத்தர் சொன்னாரு. வால்பாறைன்னு ஒருத்தர் சொன்னாரு. வால்பாறைக்குப் போயி மூணு ஸ்கூல்ல கேட்டேன். இல்ல.”

“எத்தனை வருஷமாச்சுங்க டீச்சர்?”

“ஒன்பது. அவளுக்கு இப்ப இருபது இருபத்தொண்ணு இருக்கும். தண்ணி நூறுலதான் கொதிக்கும், நமக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு எங்கயோ இருக்கா.”

குழாயைத் தாங்கியில் வைத்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

குழந்தைவேல் சார் ஓட்டை விழுந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“சொன்னா அந்தப் பிள்ளை என்னப் பத்தி என்னங்க நெனைக்கும்?”

“தெரியல சார். பிரேமகுமாரி என்ன நெனச்சிருப்பாளோ, அதுவும் எனக்குத் தெரியல. உங்க பிள்ளை எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுது. எட்டாவது ‘பி’, மொத பெஞ்சு. மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”